திருமதி எம்

12 பிப்ரவரி 1998, வியாழன்

சைக்காலஜி வகுப்பில் கவிதா தன் கேஸ் ஸ்டடியை வாசித்தாள். "திருமதி எம், வயது நாற்பத்தைந்து. படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை ஏழு முறை தொட்டுப் பார்ப்பார். எட்டாவது முறை மகள் தொட வேண்டும்."

அது என் அம்மா. அல்சூர் ஏரிக்கரையில் அழுதுகொண்டே தோழி என்று நம்பிக் கவிதாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், பாவி.

மேடம் என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா, என்ன டயக்னோசிஸ்?" என்றார். வாய் தானாக அப்செசிவ் கம்பல்சிவ் என்றது. "கரெக்ட்." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

படிக்கட்டில் அவளை மடக்கிக் கேட்டேன். "பேரு மாத்திட்டேன் இல்லடி? யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

இப்போது அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். "ஒரு தடவ வந்து தொட்டுட்டுப் போடி."

சரியான பதிலைச் சொல்லிவிட்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?