நூலகத்துக்குப் போன இஸ்திரிப் பலகை

பெல்கிரோவ், அலபாமா
19 ஆகஸ்ட் 1962

அன்பு மகன் லெமுவேலுக்கு,

உன் அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஆர்டெல்லா எழுதும் கடிதம் இது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், நீயும் டெட்ராய்ட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கார் தொழிற்சாலையில் பத்து விரலோடும் பத்திரமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரோசெட்டா சித்திக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வெண்டைக்காய் இந்த வருடம் காய்த்துத் தள்ளுகிறது, தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை. நீ வேலை முடிந்து வெறும் காபியைக் குடித்துவிட்டுப் படுப்பதாகக் கேள்விப்பட்டேன், அது வேண்டாம் ராசா, இரண்டு முட்டையாவது பொரித்துச் சாப்பிடு.

இனி பெரிய செய்தி. உன் அப்பா இறந்துபோனபோது பதிமூன்று வயதில் பள்ளியை விட்டு என்னோடு இஸ்திரி போட நின்றவள் இதை எழுதுகிற இவள், இப்போது நர்சு உதவியாளர் பரீட்சை எழுதப் போகிறாள். பர்மிங்ஹாமில் ஓர் ஆஸ்பத்திரி, பரீட்சையில் தேறினால் போதும், பள்ளிச் சான்றிதழ் கேட்கமாட்டார்களாம். அதற்குரிய தடித்த புத்தகம் மெயின் தெரு பெரிய நூலகத்தில்தான் இருக்கிறது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். நம் சபைக்குப் பின்னால் மிஸ் டாலிவர் நடத்தும் இரண்டு அறை நூலகத்திலும் ஒன்று உண்டு, ஆனால் அது வெள்ளைக்காரர்கள் கழித்துக் கட்டியது, பாதிப் பக்கங்கள் இல்லை. அந்த மிஸ் டாலிவர் மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததும், அதனால் அவருடைய வீட்டு ஜன்னல் இரண்டு முறை உடைந்ததும் உனக்குத் தெரியும். ஜூனில் தீர்ப்பு வந்தது, பெரிய நூலகம் கறுப்பர்கள் நம்மையும் உள்ளே விட வேண்டும் என்று. விட்டார்கள். ஆனால் நாமும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடக் கூடாதே, அதற்காக ஒரு நாற்காலி, ஒரு மேசை மிச்சமில்லாமல் தூக்கிவிட்டார்கள். நாற்காலி மேசை போடக் கூடாது என்று வாசலில் அட்டையும் தொங்கவிட்டார்கள்.

இவள் மூன்று நாள் போனாள். அந்தக் கனத்த புத்தகத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் எப்படி எழுதுவது? நான்காம் நாள் போகமாட்டேன் என்றாள். முகம் தெரியாதவருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமே என்று தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிற பெண், அத்தனை கண்கள் பார்க்க நிற்பதே அவளுக்குப் பெரிய பாடு. மிஸ் டாலிவர் வீட்டுக்கே வந்து சொன்னார், “உக்கார எடமில்லன்னா நின்னு படி கண்ணு. வராம மட்டும் இருந்துராத. நீ வரலன்னா அவங்க நெனச்சது நடந்துரும்.”

மறுநாள் நான் கோயிலுக்குப் போடும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, என் இஸ்திரிப் பலகையைத் தோளில் வைத்து மெயின் தெரு வழியாக நடந்தேன், பின்னால் இவள் தலை குனிந்தபடி. ஜன்னலோரம் பலகையின் காலை விரித்து அதன்மேல் புத்தகத்தை வைத்தேன். பழக்க தோஷம், தண்ணீர் தெளிக்கக் கை போயிற்று, நல்லவேளை தண்ணீர் இல்லை. அங்கே நூலகராக இருக்கும் லாண்ட்ரம் அம்மாள் ஓடி வந்து, “இதெல்லாம் உள்ள கொண்டாரக் கூடாது” என்றாள். நான் சொன்னேன், “நாற்காலியும் மேசையும்தாம்மா கூடாதுன்னு எழுதியிருக்கு. இது இஸ்திரிப் பலகை. இதுல யாரும் உக்காந்து வேல செஞ்சதில்ல. நாங்க நின்னே பழகினவங்க.” அவள் போன் செய்யப் போனாள். போலீசு வந்தால் இவள் ஆயுளுக்கும் அந்தப் படி ஏறமாட்டாள், பரீட்சையும் அத்தோடு போயிற்று என்று எனக்குப் பயம். இவளோ எழுதத் தொடங்கிவிட்டாள். பேனா நிற்கவில்லை. லாண்ட்ரம் திரும்பி வந்து, “சத்தம் வராமப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னாள். எந்தச் சட்டத்திலும் இஸ்திரிப் பலகை இல்லை போலிருக்கிறது.

அதன்பின் தினமும் இவளே தனியாகப் பலகையைச் சுமந்து போனாள். அங்கே தினமும் பத்திரிகை படிக்க வரும் ஆஸ்க்யூ என்கிற வெள்ளைக்காரக் கிழவர் கைத்தடியோடு தள்ளாடி நிற்பாராம். ஒரு நாள் பலகையின் குறுகிய முனையில் பத்திரிகையை விரித்துச் சாய்ந்துகொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம், இவள் நோட்டைச் சற்று நகர்த்தி இடம் விட்டாளாம். “இவளுக்காகன்னு சொல்லி என் நாற்காலியையும்ல தூக்கிட்டானுங்க முட்டாப்பசங்க” என்று முணுமுணுத்தாராம். அவரைப்போல் கால்வலிக்காரர்கள் இன்னும் பலர் போய்க் கத்தியிருக்கிறார்கள். போன வியாழக்கிழமை நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை இவள் மேசையில் உட்கார்ந்து கடைசி அதிகாரத்தை முடித்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது லாண்ட்ரம் அம்மாள் ஒரு புது உறுப்பினர் அட்டையை நீட்டி, “இங்க கையெழுத்துப் போடுங்க, மிஸ் பெட்டிஸ்” என்றாளாம். லெமுவேல், ஐம்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், என்னை ஒரு வெள்ளைக்காரர் பெயருக்கு முன்னால் மிஸ், மிசஸ் என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை, வெறும் ஹெஸ்டர்தான். அதை இரண்டு தடவை எழுதடி என்றால் மாட்டேன் என்கிறாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. அந்த நேரத்தில் எந்த வேலையில் இருந்தாலும் தங்கைக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு, மறந்துவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
ஹெஸ்டர் பெட்டிஸ்

அண்ணா, அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மிஸ் பெட்டிஸ் என்றுதான் கூப்பிட்டாள்.