பாதியில் நின்ற படம்

ஜூலை 6, ஞாயிறு

அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸம்மா வந்து உட்கார்ந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பொழுது போகவில்லையாம். பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள். கேட்டது அவள் தப்பு.

மூத்த மகள் வீட்டுப் பேரன் இருதய டாக்டருக்குப் படிக்கிறான், கல்லூரியிலேயே முதல். அவன் தங்கை கப்பலில் என்ஜினியர், அந்தக் கப்பலில் அவள் ஒருத்திதான் பெண். சின்ன மகளின் பெரியவன் நீச்சலில் மெடல் மேல் மெடலாக வாங்குகிறான், மாட்ட ஆணி போதவில்லை. அவன் தம்பிக்கு ரெண்டு வயசு. ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லுவான், பதினாலை மட்டும் விட்டுவிடுவான், அது அவன் இஷ்டம். இங்கே என்னோடு இருக்கும் என் மகன் வீட்டு வாயாடி பத்தாவது படிக்கிறாள். பேச்சுப்போட்டியில் நடுவரையே மடக்கிவிட்டு வந்தவள்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். "மருமக என்ன பண்றாங்க?" என்றாள்.

"எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர்."

"ஓ, டீச்சர்தானா."

தானாவாம். இன்னும் கொஞ்சம் காபி வேணுமா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

மருமகள் சாப்பிடவில்லை. தட்டைப் போட்டு வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மெள்ளக் கேட்டதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அதில் வரும், படம் ஓடும். இவள் அதைத் தொடவே இல்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு, "அடுத்த மாசக் கடைசியில பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு வகுப்பைக் காட்டப்போறோம். அதுக்குள்ள திரையை வச்சு நடத்தப் பழகிக்கோங்க. முடியலைன்னா எட்டாவது அறிவியலைப் புதுசா வந்திருக்கிற சின்ன டீச்சருக்குக் குடுத்துடறேன், நீங்க நூலகத்தைப் பாருங்க" என்றாளாம்.

என் மகன் சிரிக்க வைக்கப் பார்த்தான். "நூலகம்னா ஃபேனுக்கு அடியில உக்காந்து தூங்கலாமே!"

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எட்டாவது இவளுடையது. இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அதைத்தான் எடுக்கிறாள். அதைப் பிடுங்கிட்டா இவ என்ன பண்ணுவா?

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து படம் காட்டும் சின்னப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். சாயங்காலம் கூடத்துச் சுவரில் அடித்துப் பழகினாள். காலண்டரைக் கழற்றிக் கொடுத்தேன்.

நான் படித்தது அஞ்சாவது. கடலுக்கு அடியில் மலை இருக்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? இருக்கிறதே! மேலே கப்பல் போகிறது, அடியில் மலை நிற்கிறது. அது புகை வேறு விடுகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் கடல். நான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு அத்தை?"

"பிரமாதம்மா."

"என்ன புரிஞ்சுது?"

கடல் நீலமாக இருந்தது என்றேன். அவள் அடுத்த படத்தைத் தேடினாள்.

ஜூலை 24, வியாழன்

பத்து நாளாக வகுப்பில் தினம் ஒரு படம் காட்டுகிறாள். பிள்ளைகள் கப்சிப் என்று பார்க்கிறார்களாம். இவளுக்கும் முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. இன்றைக்குப் பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்தாள்.

பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. எரிமலை எப்படி வருகிறது என்ற கேள்விக்கு ஒரு பையன், "படம் சூப்பர் மிஸ்" என்று எழுதி வைத்திருக்கிறான். இவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சாக்பீஸ் வச்சு நடத்தினப்ப இதைவிட நல்லா எழுதினாங்க அத்தை."

சிதறிய தாள்களை வாயாடி எடுத்து அடுக்கி வைத்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெட்டியைத் திறக்கவே இல்லை. சுவர் வெறுமனே கிடக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்துவிட்டாள். "அத்தை, அடுப்பை அணைங்க, சொல்றேன்!"

இன்றைக்கு வகுப்பில் ஒரு தகர டப்பா படம். டப்பாவுக்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவி வரும்போது இறுக்கி மூடுகிறார்கள். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்ற ஒரு கை வருகிறது. அந்த நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது. கை அந்தரத்தில் நிற்கிறது. இவள் ஒயரை ஆட்டுகிறாள், பட்டனைத் தட்டுகிறாள், வியர்த்துக் கொட்டுகிறது.

பின்னால் பிள்ளைகள் சண்டை. "டப்பா வெடிச்சுரும்டா." "போடா, ஒண்ணும் ஆகாது, தண்ணிதானே." "நசுங்கும், பந்தயம்!" ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறிவிட்டானாம். ஏன் வெடிக்கும், ஏன் நசுங்கும் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். வருஷம் பூரா வாய் திறக்காத பிள்ளைகள்கூட.

படம் திரும்ப ஓடக் கிளம்பியபோது பிள்ளைகளே கத்தினார்களாம், "ஓட்டாதீங்க மிஸ், இருங்க, இன்னும் முடிவாகல!"

"இவ்வளவு நாளா படத்தை ஓட்டக் கத்துக்கிட்டேன் அத்தை. நிறுத்தக் கத்துக்கல."

டப்பா என்ன ஆச்சு என்றேன். அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அடிப்பாவி. என்னையுமா?

(நசுங்கிவிட்டதாம். யாரோ மிதித்த மாதிரி. ராத்திரி வாயாடி சொன்னாள். நான் வெடிக்கும் என்று நினைத்திருந்தேன்.)

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெற்றோர் வருகிற நாளுக்கு யாரோ எடுத்த படம் வேண்டாமாம், தானே எடுக்கப்போகிறாள். சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரெண்டு பீன்ஸ் விதை. ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. எதிரில் பழைய போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறாள். அது தானாகவே விட்டு விட்டுப் படம் பிடிக்குமாம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் நாலைந்து நாள் ஒரு நிமிஷத்தில் ஓடிவிடும் என்கிறாள். நாள் எப்படி ஓடும்? எனக்கு விளங்கவில்லை.

"யாரும் தொடாதீங்க." எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் கண் என் மேல் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தொட்டுவிட்டேன். டம்ளர் மேல் ஆவி படிந்திருந்தது, துடைத்தேன். கை சும்மா இருந்தால்தானே.

ஓட்டிப் பார்த்தால், விதை அமைதியாக ஊறிக்கொண்டிருக்கிறது, திடீரென்று யானைத் தும்பிக்கை மாதிரி என் கை வந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. அப்புறம் விதை வேறு எங்கேயோ நிற்கிறது. வாயாடி தரையில் உருண்டு சிரித்தாள். "அப்பாயி நடிச்ச முதல் படம்!"

மருமகள் கோபிக்கவில்லை. "பரவால்ல அத்தை, நாள் இருக்கு" என்று புது விதை ஊறப் போட்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நானே ஒரு அட்டையில் 'தொடாதே' என்று எழுதி ஜன்னலில் என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ராத்திரியிலும் விளக்கு எரியவேண்டும் என்றதற்கு என் மகன், "விதைக்கு இருட்டுன்னா பயமா?" என்றான். போனுக்குக் கண் தெரிய வேண்டாமா என்றேன். இப்போது நானே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பார்த்தேன்.

எப்படி எழுதுவது? விதை மூச்சு விடுகிறது. பருக்கிறது, தோல் சுருங்குகிறது, ஒரு ஓரம் கிழிகிறது, வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கிறது. நேராக வைத்த விதையில் நுனி கீழே போகிறது. தலைகீழாக வைத்ததில் மேலே வந்தது. வந்து கொஞ்சம் நின்றது. அப்புறம் வழி தப்பி வந்தவள் சட்டென்று புரிந்து திரும்புகிற மாதிரி, மெதுவாக வளைந்து, விதையைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று.

கண் இல்லை, காது இல்லை, சொல்லுவார் இல்லை.

எத்தனை விதை ஊன்றியிருப்பேன் என் வாழ்நாளில். எது மேல், எது கீழ் என்று பார்த்தா போட்டேன்? அத்தனையும் உள்ளே போய் இப்படித் திரும்பியிருக்கிறது, எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். இன்னொரு தடவை. இதை எடுத்தது என் மருமகள். என் உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது, இருக்கட்டும்.

கடைசி பெஞ்சில் பெற்றோரோடு உட்கார்ந்தேன். தலைமையாசிரியை கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்ன டீச்சரும் பக்கத்தில் நின்றாள். பார்க்க நல்ல பெண்தான், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

படம் ஓடியது. தலைகீழ் விதையில் நுனி மேலே எட்டிப் பார்த்த இடத்தில் மருமகள் நிறுத்தினாள்.

"என்னாச்சு? நின்னுடுச்சா?" தலைமையாசிரியை பதறிவிட்டாள். "யாராவது ஆபீஸ்ல இருந்து ஆளைக் கூப்பிடுங்க!" சின்ன டீச்சர் ஓடத் தயார்.

"வேண்டாம் மேடம். நான்தான் நிறுத்தினேன்." சொல்லிவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்து, "இனி என்ன ஆகும்? வரைங்க. ஏன்னு பக்கத்துல எழுதுங்க" என்றாள்.

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. "மேலயே போகும், அதான் வழி இருக்கே." "இலை கீழ வரும்டா, வேர் மேல வரும்." "செத்துரும் பாவம்." எனக்குப் பக்கத்தில் ஒரு அப்பா, "இதென்ன மீன் மார்க்கெட்டா?" என்றார். "பேசாம பாருங்க தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே முன் பெஞ்சுப் பையனிடம் குனிந்து, "மேலதான் போகும், எழுது" என்கிறார்!

எனக்கு முடிவு தெரியும். வீட்டில் எத்தனை தடவை பார்த்தேன். இருந்தும், இந்தத் தடவை திரும்பாமல் போய்விட்டால்?

ஓட்டினாள். மேலே வந்தது. நின்றது. திரும்பியது.

அப்புறம் ஒரே கத்தல். அந்த அப்பா, "அடேங்கப்பா!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஜன்னலோரம் ஒரு ஒல்லிப் பெண் கேட்டாள், "மிஸ், அதுக்குக் கீழ எதுன்னு எப்படித் தெரியும்?"

அதைத்தானே நானும் பத்து நாளாகக் கேட்கிறேன். சொல்லப்போகிறாள் என்று பார்த்தால் மருமகள், "நல்ல கேள்வி. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிவிட்டாள். இருட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றது ஒன்று. தினம் டம்ளரைப் படுக்க வைத்துத் திருப்பினால் என்ன செய்யும் என்றது இன்னொன்று. மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியை ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தலைமையாசிரியையிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கதவைத் திறந்தாலே மருமகள் முகத்தைத்தான் பார்க்கிறேன். "பாக்காதீங்க அத்தை, பயமா இருக்கு" என்கிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

பிள்ளைகளே எடுத்த படத்தை மருமகள் கொண்டுவந்தாள். தினம் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். வேரும் சளைக்கவில்லை. திருப்பத் திருப்ப அதுவும் திரும்பி, கடைசியில் படிக்கட்டு மாதிரி மடங்கி மடங்கிக் கிடக்கிறது. ஒல்லிப் பெண்தான் போனைப் பார்த்துக்கொண்டாளாம். யார் கையும் குறுக்கே வரவில்லை.

புதுக் கால அட்டவணை வந்துவிட்டது. சின்ன டீச்சருக்கு ஆறாவது. வாரத்தில் ரெண்டு நாள் அவள் எட்டாவதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவேண்டுமாம், தலைமையாசிரியை உத்தரவு. மருமகள் இதைச் சொல்லிக்கொண்டே ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் போனில் குடும்பக் குரூப்பில் நானே பட்டனை அழுத்திப் பேசிப் போட்டேன்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. இதுல மருமக படம் கல்யாணத்தன்னைக்கு எடுத்ததுதான் கிடக்கு, அதுலயும் பாதி முகம் மாலைக்குள்ள. திங்கக்கிழமை யாராவது வகுப்புக்குப் போயி, பிள்ளைங்க நடுவுல அவ நிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க. பின்னாடி திரை முழுசாத் தெரியணும். எடுத்து உடனே இதுல போடுங்க."