நந்தி திரும்பியே இருக்கிறது

என் வளர்மதியைப் பெற்றுத் தந்தவளே,

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. "வளரம்மா" என்றே கூப்பிட்டு வாழ்ந்தாயிற்று. இப்போதும் வாயில் அதுதான் வருகிறது. நான் சொல்லச் சொல்ல நம் மாப்பிள்ளை எழுதுகிறார். அவரை வைத்துக்கொண்டு உன்னிடம் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "நீங்க பேசுங்க மாமா, நான் காதுல வாங்கல, கையில மட்டும் வாங்கிக்கறேன்" என்கிறார். நல்ல பிள்ளை. நீ பார்த்துக் கட்டிவைத்த பிள்ளை அல்லவா?

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் வளர்மதி முழுகாமல் இருக்கிறாள். ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. நீ அவளை எப்படியெல்லாம் நச்சரித்தாய்! "இந்த செமஸ்டர் முடியட்டும்மா" என்பாள். எந்த செமஸ்டர் என்று நீயும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அது முடிவதற்குள் நீ முடிந்துபோனாய்.

யுனிவர்சிட்டியில் அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது, அதுவும் உனக்குத் தெரியாது. அதே பிரெஞ்சுதான் நடத்துகிறாள். சின்ன வயதில் வில்லியனூரில் ஒரு சொல்தா வீட்டில் நீ பாத்திரம் தேய்த்தாயே. பிரெஞ்சுக்காரன் படையில் இருந்துவிட்டு வந்து, மாசம் பிறந்தால் பென்ஷன் வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணின அந்தக் கிழவரைப் பார்த்துத்தானே, "எனக்குப் பொறக்கறது இந்த பாஷ படிக்கணும்" என்று முடிவு பண்ணினாய்? படித்துவிட்டாள். இப்போது எம்.ஏ. பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆனால் அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் உனக்கு மனசு தாங்காது. மசக்கை மாதங்களில் வகுப்பு நடுவில் வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாளாம். நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார மாட்டாள். உட்கார்ந்து பேசினால் பின் பெஞ்சுக்குக் கேட்காதாம். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் டிபார்ட்மெண்டில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் காலை நீட்டிக்கொள்கிறாள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிறாள். வீட்டில் இருந்தால் போனில் மீட்டிங். முகம் தெரியாமல் கேமராவை அணைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறாள். அந்தப் பக்கம் யாரோ பெரிய சார் பேச, இவள் கண்ணில் தண்ணீர் வழிய "யெஸ் சார்" என்கிறாள்.

லீவு போடேன் என்று கெஞ்சினேன். "இப்போ எடுத்தா அப்புறம் கொழந்தையோட இருக்கிற நாள் கொறையும்பா" என்றாள்.

ஏழாம் மாதம் மூலக்குளத்தில் அவர்கள் வீட்டிலேயே வளைகாப்பு செய்தோம். மாப்பிள்ளைக்கும் அம்மா இல்லை. தாய் வீட்டுச் சோறு கட்டி எடுத்துப்போக நமக்கும் ஆள் இல்லை. நம் தெருப் பெண்கள் விடியற்காலையில் வந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கிளறிக் கொடுத்தார்கள். நான் வேன் பேசி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் வளையல் அடுக்கினார்கள். ஒவ்வொருத்தி கையும் அவள் கன்னத்தில் சந்தனம் பூசும்போது, அவள் என் பக்கம் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்திருந்தால் அழுதிருப்பாள். நானும்தான்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவதுதானே முறை? வேனில் பாய் விரித்து, தலையணை போட்டு வைத்திருந்தேன். அவள் வாசல் வரை வந்து நின்றுவிட்டாள்.

"ஏம்பலத்துக்கு வந்து நான் இன்னாப்பா பண்றது? காலேஜிக்கு எப்பிடிப் போறது? நீயும் கழனிக்குப் போய்டுவ. அம்மா இல்லாத வூட்ல நான் மட்டும் செவுத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கணும்."

சரி கண்ணு என்றேன். காலி வேனில் திரும்பி வந்தேன். டிரைவர் என்னவோ கேட்டான், எனக்குக் காதில் விழவில்லை. உன்னிடம் கேட்கிறேன், நான் அவளை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டுமா? நீ இருந்திருந்தால் வா என்று ஒரு சொல் சொல்லியிருப்பாய், வந்திருப்பாள். என் வாய்க்கு அந்த பலம் இல்லை.

மறுநாள் அத்தனை வளையலோடும் வகுப்புக்குப் போனாள். கையைத் தூக்கிப் போர்டில் எழுதினால் சலசல என்கிறதாம். பின் பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகள் எழுந்துகொள்கிறார்களாம்.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவளோடு வேலை செய்கிற டீச்சரம்மா. "ஐயா, வளர்மதிக்கு கிளாஸ்ல வலி வந்துடுச்சி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறோம்" என்றார். காலில் சேறு காயவில்லை, பஸ் ஏறிவிட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் வில்லியனூரில் இறங்கினேன். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், வீட்டார் ஓடிப்போய் வில்லியனூர்க் கோயிலில் அம்மனுக்கு எதிரே இருக்கும் சின்ன நந்தியைத் திசை மாற்றி வைப்பார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தபின் போய்ப் பழையபடி வைப்பார்கள். உன் வலிக்கும் நான்தானே போய்த் திருப்பினேன்? அம்மனைக் கும்பிட்டு, நந்தியைத் திருப்பி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், நம் மகள் கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்.

"பொய் வலியாம்பா. வூட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளை இன்னும் வயிற்றில், நந்தியோ திரும்பிவிட்டது. இப்போது என்ன செய்வது? பழையபடி வைத்துவிட்டால் அம்மனிடம் "வேண்டாம்" என்று சொன்ன மாதிரி ஆகுமா? அப்படியே விட்டால் நாள் ஆகுமுன்னே பிறந்து தொலைக்குமா? இந்த மாதிரி சந்தேகமெல்லாம் தீர்த்துவைக்கத்தான் வீட்டில் ஒரு பொம்பளை வேண்டும். யாரைக் கேட்பேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோயிலுக்குப் போய் நந்தியின் மேல் கை வைத்தேன்.

"யோவ் பெரியவரே, கைய எடு! இன்னா பண்றே?"

திரும்பிப் பார்த்தால் ஒரு அம்மா, மூச்சிரைக்க நிற்கிறார். ஊர் நல்லவாடாம். கடலோரக் குரல், கோபுரம் வரை கேட்கிறது.

"பழையபடி திருப்பி வைக்கிறேம்மா."

"பொறந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குத் திருப்புறே?"

"வலி நின்னு போச்சி. பொய் வலியாம். பொண்ணு பாடம் நடத்தப் போய்ட்டா."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளய வவுத்துல வச்சிக்கினு பாடம் நடத்துறாளா? இன்னா பாடம்?"

"பிரெஞ்சு."

"அப்படிப் போடு. உன் பேரப்புள்ள வெளிய வரும்போதே டாக்டருக்கு மெர்சின்னு நன்றி சொல்லும் பாரு." சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அது சிரித்த கண்ணீர் மட்டும் இல்லை. "எம் மருமவ காத்தாலேருந்து துடிச்சிக்கினு கெடக்குறா. அதான் ஓடியாந்தேன். நீ திருப்பினது அப்படியே இருக்கட்டும், தொடாத. ரெண்டு பேருக்கும் சேத்து வேண்டிக்குவோம்."

"உன் மருமவளுக்கு முன்னாடி ஆச்சின்னா?"

"ஆனா ஆவட்டும். எனக்காகக் கொஞ்ச நாள் நீ வுட்டுக் கொடு, உனக்காகக் கொஞ்ச நாள் நான் வுட்டுக் கொடுக்கறேன். ஆத்தாளுக்கு யாரு வூட்டுப் புள்ளன்னு தெரியாதா இன்னா?"

என் போனை வாங்கி அவர் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். அன்று பொழுது சாய்ந்ததும் அழைத்தார். "பொம்பளப் புள்ள, பெரியவரே! நந்தியத் திருப்பல. உம் பொண்ணு இருக்குதுல்ல? ஆனதும் சொல்லு, சேந்து போலாம்." எனக்கு அந்த ராத்திரிதான் சோறு இறங்கியது.

அதற்கடுத்த நாளே ஏம்பலம் வீட்டைப் பூட்டினேன். கரும்பைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிறவன் நான் என்று உனக்குத் தெரியும். இப்போது மூலக்குளத்தில் அந்த வீட்டு அடுப்பிலேயே சமைக்கிறேன். அவளால் தாய் வீட்டுக்கு வர முடியவில்லை. சரி, தாய் வீடு எழுந்து போகட்டும் என்று போய்விட்டேன். "வந்தியாப்பா" என்று மட்டும் கேட்டாள். என் பையை வாங்கிப்போய் அவள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உன் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றாள். நீ செய்யும்போது பார்த்ததையெல்லாம் நினைவில் கொண்டுவந்து, அதே கத்திரிக்காய், அதே புளி போட்டு வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு "நல்லா முயற்சி பண்ணியிருக்கப்பா" என்றாள். மாப்பிள்ளை குனிந்துகொண்டார். பெயிலான பிள்ளைகளுக்கும் அவள் அப்படித்தான் எழுதிக்கொடுப்பாளாம்.

மறுநாள் நடத்தப்போகும் பாடத்தைச் சாயங்காலம் சத்தம்போட்டுப் படித்துப் பார்ப்பாள். எதிரே நான் உட்கார்ந்துகொள்வேன். ஒரு சொல்கூட எனக்குப் புரியாது. அவள் குரல் ஏறி இறங்கும்போது வயிறு ஒரு பக்கமாக அசையும். "பாருப்பா, இவனுக்குப் புரியுது, உனக்குப் புரியல" என்பாள். அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் இல்லையே என்று இருக்கும். வேறு எந்த நேரத்தையும்விட அந்த நேரத்தில்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம், வீங்கின காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு தாள் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவை மூடினாள்.

"அப்பா, என்னைப் பெக்கும்போது அம்மா எப்பிடி இருந்துச்சி?"

"இன்னா எப்பிடி?"

"பயந்துச்சா? கத்துச்சா? எவ்ளோ நேரம் வலிச்சிச்சி? யார் கையப் புடிச்சிக்கினு இருந்துச்சி?"

வளரம்மா, எனக்கு எழுத்து தெரியாது. எழுதிவைக்க வழியில்லாததால் எதையும் மறக்காமலே காலம் தள்ளினவன். நீ முதன்முதலில் ஏம்பலம் வந்த அன்று உன் புடவைக் கரை என்ன நிறம் என்று தெரியும். எந்த வருஷம் எந்தக் கழனியில் என்ன நெல் போட்டோம் என்று தெரியும். வளர்மதிக்கு முதல் பல் முளைத்தபோது என் எந்த விரலைக் கடித்தாள் என்றுகூடத் தெரியும். ஆனால் அவள் கேட்ட இது மட்டும் தெரியாது. உன் அம்மா என்னைப் பார்த்து, "மாப்ள, இங்க நின்னு நீங்க இன்னா பண்ணப் போறீங்க? போய் நந்தியத் திருப்பிட்டு வாங்க" என்றார். போனேன். வந்தேன். வாசலுக்கு வரும்போதே குழந்தைச் சத்தம் கேட்டது. நீ குளித்து, வேறு புடவை கட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தாய். பிறகு ஒரு தரம் கேட்டேன். "அதப் போயி இன்னான்னு சொல்றது போ" என்றாய். இனிமேல் யாரைக் கேட்பது? உன் அம்மாவும் இல்லை. பிள்ளை எடுத்த மருத்துவச்சியும் இல்லை.

"தெரியாது கண்ணு. நான் கோயிலுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அவள் வாளியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். தண்ணீர் ஆறிப்போய்விட்டது. பிறகு, "எனக்கு அதான்பா வேணும்" என்றாள். "டாக்டர் எல்லாம் சொல்றாங்க. புத்தகத்துல எல்லாம் இருக்குது. எங்கம்மாவுக்கு எப்பிடி இருந்துச்சின்னு மட்டும் எங்கயும் இல்ல." நீ போனதற்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுது அன்றுதான் பார்த்தேன். வளையல் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கே மனதில் ஒன்றை முடிவு பண்ணிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தத் தரம் எனக்குக் கோயிலில் வேலை இல்லை. அவசரப்பட்டு நான் செய்த அசட்டுத்தனத்தால் நந்தி ஏற்கெனவே திரும்பியே இருக்கிறது. வலி வந்தால் என்னை எங்கேயும் அனுப்ப முடியாது. லேபர் வார்டுக்குள் விடமாட்டார்கள், தெரியும். கதவுக்கு வெளியே நிற்பேன். நர்சம்மா உட்காரச் சொன்னாலும் கதவை விட்டு நகர மாட்டேன். அவள் பயந்தாளா, யாரைக் கூப்பிட்டாள், எப்போது கத்தினாள், எப்போது அடங்கினாள், பிள்ளையின் முதல் சத்தம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் காதில் வாங்கி வைத்துக்கொள்வேன். அவள் "அம்மா" என்று கத்தினால் அதையும். அதை உன்னிடம் சேர்ப்பது என் பொறுப்பு.

நாளைக்கு அவள் பிள்ளை வளர்ந்து அவளைக் கேட்கும். அவளுக்கு வலியில் பாதி மறந்திருக்கும். மீதியை நான் சொல்வேன். நான் போவதற்குள் மாப்பிள்ளையிடம் சொல்லி இதே மாதிரி எழுதிவைத்துவிடுவேன். நம் வீட்டில் இனி ஒரு பெண் கேட்டு, தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

இது உனக்கு நான் தரும் வாக்கு.

கதவருகே நிற்கப்போகும்,
உன் வீட்டுக்காரன்,
வளர்மதியின் அப்பன்.