முப்பது நாளும் வருவேன்

மார்ச் 1

கடை முதலாளியும் என் கூடப்பிறந்தவனுமான அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையிலிருந்து விலகுகிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது நீயே சுவரில் எழுதி ஒட்டிய விதி. முப்பதாம் தேதி என் கடைசி நாள். அதற்குள் பிரேம் விற்கும் அக்காவுக்கு மெஷினைப் பழக்கிவிடுகிறேன். நேரில் சொன்னால் நீ கத்துவாய், நானும் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
உன் தங்கை, பதினொரு வருட ஊழியை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

சொந்த அண்ணனுக்கு யாராவது நோட்டீஸ் கொடுப்பார்களா? உன் அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த பஸ் டிரைவர் விஷயம்தானே? கோபத்தில் நாலு வார்த்தை சொன்னால் இப்படியா முறுக்கிக்கொள்வது?

போவதென்றால் நாளைக்கே போ. உனக்கு எதற்கு முப்பது நாள்? கோபம் தணிந்ததும் வா.

அண்ணன்

மார்ச் 3

அண்ணா,

நாளைக்கே போக மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று, "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இங்க நான் அண்ணன் இல்ல, முதலாளி" என்று சொன்னது நீ. முதலாளிக்குத்தான் நோட்டீஸ்.

டிரைவரின் கண்ணாடியில் வலது கண் லென்ஸ் இடது பக்கம் இருந்தது. நான் லீவில் இருந்த நாளில் அதை மாட்டியது நீ. ஆனால் பத்துப் பேர் நடுவில், "இவதான் கவனமில்லாம மாட்டிட்டா சார்" என்று என்னைக் கைகாட்டினாய். அவரும் என்னைத் திட்டித் தீர்த்தார் அண்ணா. இப்போது நான் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றால், தப்புச் செய்தவள் ஓடிவிட்டாள் என்பார்கள். ஓட மாட்டேன். தினமும் ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பேன்.

தங்கை

மார்ச் 19

தங்கைக்கு,

நீ வராமல் இருக்க மெஷின் அறையைப் பூட்டினால், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அக்காவுக்குப் பழைய லென்ஸை வைத்துப் பாடம் எடுக்கிறாய். வருகிறவர்கள் எல்லாம், "தங்கச்சி ஏன் வெளிய உக்காந்திருக்கு?" என்று கேட்கிறார்கள். மானம் போகிறது. சாவி அனுப்பியிருக்கிறேன், உள்ளே போ.

சரி, மாட்டியது நான்தான். எழுதியே கொடுத்துவிட்டேன், போதுமா? இது நமக்குள் இருக்கட்டும். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள். நீ இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 30

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஒரு நாள் முழுக்க, இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ என்னைத் திட்டியது நமக்குள் நடக்கவில்லையே!

இன்று காலை டிரைவர் பிரேமை இறுக்க வந்தார். உன் கடிதத்தை நீட்டினேன். கடை நிறைய ஆட்கள். அவர் சத்தமாகவே படித்தார். "அய்யோ, அன்னிக்கு உங்களப் போய்த் திட்டிட்டேனேம்மா" என்றார். நீ உள்ளே போய்விட்டாய். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தது செய்ததுதான்.

சாவி உன் மேசையில் இருக்கிறது. நாளை எதிர்த் தெருக் கண்ணாடிக் கடையில் சேருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வருவேன்.

அந்த அக்கா நன்றாகத் தேய்க்கிறார். அவர் பிழை செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல். நீ செய்தால் எல்லோர் முன்னாலும் சொல்.

உன் தங்கை