சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே அம்மா, உன் அறையில் தங்கும் ஆன் அக்காவுக்குக்கூட வேண்டாம், அவள் ஊரிலுள்ள தன் வீட்டுக்குச் சொன்னால் உடனே மாமா காதுக்கு வந்துவிடும். குவைத்தில் நீ சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன், இங்கே எனக்கும் தம்பிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மாமி வயிறு நிறையக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் தருகிறாள்.

நம் ரப்பர் விளையின் அடியில், ஓடைக்கரைச் சேற்றில் நிற்கும் ஞாவல் சாதி மரங்கள் உனக்கு நினைவிருக்கும். அவை அழிந்துகொண்டிருக்கும் இனமாம், உலகத்திலேயே மிகச் சில இடங்களில்தான் மிச்சமாம். வெள்ளறடை மலையடியிலிருந்து ஓடை போகிற வழி முழுக்க இப்படிப்பட்ட மரங்களையும் பிராணிகளையும் காப்பாற்றப் பஞ்சாயத்தில் திட்டம் போடுகிறார்கள். யாருடைய நிலத்தையும் எடுக்கமாட்டார்கள், வெட்டாமல் விட்டால் போதும் என்று எங்கள் பள்ளி ஷைலஜா டீச்சர் சொன்னார், அவரவர் விளையில் நிற்கும் மரத்துக்கு அடையாளம் வைக்கவும் சொன்னார். நான் சிவப்பு பெயின்டால் மூன்று மரத்துக்கும் வளையம் போட்டேன். துணி கட்டியிருக்கலாம் அம்மா. நம் பக்கத்தில் வெட்ட விற்ற ரப்பர் மரத்துக்குத்தானே பெயின்ட் அடிப்பார்கள், அது அப்போது எனக்குத் தோன்றவில்லையே.

இன்று பொன்னுதாஸ் அண்ணனும் ஆட்களும் பழைய ரப்பரை வெட்ட வந்திருந்தார்கள். நான் பள்ளி விட்டு வரும்போது ஓடையின் குறுக்கே அந்த மூன்றில் இரண்டு மரம் விழுந்து கிடக்கிறது. நான் அழுததைப் பார்த்து ஒருவர், வெட்டாமலிருக்க பெயின்ட் அடித்த முதல் ஆள் நீதான் என்று சிரித்தார். பொன்னுதாஸ் அண்ணன் சிரிக்கவில்லை. “பெயின்ட கண்டா வெட்டணும்னாக்கும் மக்கா எங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா?” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை அம்மா.

அருமநாயகம் மாமா பயந்துபோய்விட்டார். நாளை மத்தியானம் டீச்சரும் பஞ்சாயத்து ஆட்களும் பார்க்க வருகிறார்கள். “காத்துல சாஞ்சுதுன்னு சொல்லு. மிச்சம் நிக்கியதயும் காலைல வெட்டிப்போட்டா பின்ன கேக்க ஆள் உண்டா?” என்கிறார். வாயைத் திறந்தால், விளை உன் பெயரில் இருப்பதால் கேஸ் உன்மேல்தான் வரும், நீ ஊருக்கே வரமுடியாது என்கிறார்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அனகாவின் போனில் இதைப் படம் எடுத்து அனுப்புவேன், உனக்கு அங்கே அப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். எழும்பியதும் மாமாவைக் கூப்பிட்டு, என் விளையில் இனி ஒரு மரத்தையும் தொடாதே என்று சொல். நீ சொன்னால் அவர் கேட்பார். மிச்சம் நிற்கும் அந்த ஒரு மரத்தின் அடியில் சின்னக் கன்றுகள் முளைத்திருக்கின்றன, மிதிபடாமல் ஓலை போட்டு மூடியிருக்கிறேன்.

ஆண்டவர் உனக்குத் துணை இருக்கட்டும், முட்டுவலிக்குத் தைலம் போட மறக்காதே. கேஸ் உன்மேல் வராது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயின்ட் அடித்தது நான்தான், காற்று இல்லை என்று டீச்சரிடம் நானே சொல்லிவிடுவேன். நீ சொல்லாவிட்டாலும் நான்

கதவைத் தட்டுகிறார்கள், மாமாதான்