தலையாட்டிய பாடம்

மார்ச் 4
பேத்தி பைப் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஆலையில் குழாய்களை அளந்து, எது தேய்ந்திருக்கிறது, எது தாங்கும் என்று பார்ப்பதுதான் இப்போதும் அவள் வேலை. ஆனால் அளக்கத்தான் முடியும். தேய்ந்த லைனை நிறுத்தச் சொல்ல முடியாது. போன வாரம் ஒரு குழாய் மெலிந்துவிட்டது என்றாளாம். “சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து சொல்லும்மா” என்று மேலதிகாரி சிரித்தாராம். சிரிக்கட்டும். யார் பேத்தி என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 9
புத்தகம் முழுக்க ஆங்கிலம். படித்துவிட்டு, என்னை உட்காரவைத்துத் தமிழில் சொல்கிறாள். “அஞ்சாம் கிளாஸ் படிச்ச உனக்குப் புரிஞ்சா, எனக்கும் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம் பாட்டி.” கோபப்படுவதா, பூரிப்பதா? பூரித்துக்கொண்டேன்.

மார்ச் 15
மீதி ஆயுள் பாடம். குழாய்ச் சுவருக்கு இப்போதுள்ள தடிமனில், குறைந்தது இருக்க வேண்டிய தடிமனைக் கழித்து, வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறதோ அதால் வகுத்தால், குழாய் இன்னும் எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும். கழித்தல், வகுத்தல் – என் வகுப்புப் பாடந்தான்.
“அப்ப எனக்கும் போட்டுச் சொல்லேன்.”
“நீ எங்க தேயுற? உன் நாக்குல பட்டு நாங்கதான் தேயுறோம்.”
இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவருக்கு இன்று காபி தாமதம்.

மார்ச் 22
தேய்மான வேகம் இரண்டு இருக்கிறதாம். தலைக்கு மேலே ஓடியது. “புரிஞ்சுதா?” என்றாள், முகமெல்லாம் ஆசையாக. தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 29
மாதிரித் தேர்வில் கோட்டை விட்டாள். அந்த இரண்டு வேகத்தில்தான். “நீ தலையாட்டினதும், எனக்கு வந்துடுச்சுன்னு விட்டுட்டேன் பாட்டி.” திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரிய மேதாவி மாதிரி ஆட்டினேனே – எதுக்கு? யார்கிட்ட கௌரவம் பார்த்தேன்?

மார்ச் 30
“புரியல. திரும்பச் சொல்லு.” விடவில்லை நான். சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள்.
“தாத்தா, வீட்டுலேருந்து காரை மெதுவா ஓட்டிட்டு வர்றார். இப்ப திடீர்னு பறக்குறார். எதிர்ல சுவரு. எப்ப முட்டுவார்னு எந்த வேகத்தை வச்சுச் சொல்லுவே?”
“இப்ப போற வேகத்தை.”
“அவ்ளோதான். ஆரம்பத்துலேருந்து சராசரியா தேய்ஞ்சது ஒரு வேகம். போன தடவை அளந்ததுக்கும் இப்ப அளந்ததுக்கும் நடுவுல தேய்ஞ்சது இன்னொண்ணு. இப்ப வேகமா தேய்ஞ்சா, சராசரியை நம்பக் கூடாது.”
“நான் என்னிக்குடி பறந்தேன்?” என்றார் இவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ஏப்ரல் 18
எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாள், இன்னொரு முறையும் போட்டுக்கொண்டாள். தெரிந்துவிட்டது.

மே 20
பாஸ். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி இவரே சொல்லிவிட்டார். எனக்கென்று ஒரு ஆளை மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 8
மதியம் ஆலையிலிருந்து போன். சராசரிக் கணக்கை வைத்து, இன்னும் பல வருடம் தாங்கும் என்று விட்டிருந்த குழாயாம். இவள் அளந்திருக்கிறாள். போன தடவைக்கும் இப்போதைக்கும் நடுவில் வேகமாகத் தேய்ந்திருக்கிறதாம்.
“லைனை நிறுத்துங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன் பாட்டி.”
“உங்க மேலதிகாரி?”
“ஏன்னு கேட்டார். சொன்னேன். அவரே போய் நிறுத்தினார். இங்க பம்ப் எப்பவும் இரைஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப கேளு.”
போனை அந்தப் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.