மிருகத்தின் முதுகுக் கயிறு

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் மகள் குட்டியும் நலம். கடற்கரை வெயிலில் நீயும் உன் ஆட்களும் வாடாமல் நலமாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் உன்னை 'சார்' என்றும் 'நீங்கள்' என்றும்தான் சொல்கிறேன். உடை தைக்கிறவள் டைரக்டரை 'நீ' என்று கூப்பிட்டால் மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று நீதான் கேட்டுக்கொண்டாய். இது வீட்டிலிருந்து எழுதும் கடிதம் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் மாப்பிள்ளையும் நலம் என்று நான் எழுதவில்லை. கவனித்திருப்பாய். புதன்கிழமை படப்பிடிப்பில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவரைத் தூக்கிப் போட்ட பிறகு, எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார், உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீயும் நிம்மதியாக ஜீப்பில் ஏறிவிட்டாய். அன்று மாலையே காய்ச்சல் ஆரம்பித்தது. இருமினால் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறார். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, மூன்று மாதத்துக்குத் தொட்டிப் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உனக்கு போன் செய்தபோது "லேசா சளி, மச்சான்" என்று சொன்னாராம். சளியாம்.

நேற்று உன் அசிஸ்டென்ட் வந்தார். சாகிற காட்சியை மறுபடி எடுக்க வேண்டும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, புதன் மாலை டைரக்டர் வந்துவிடுவார் என்றார். எடுத்த படத்தில், அவர் போட்டிருந்த மிருக உடையின் முதுகில் கயிறு தெரிகிறதாம். இந்த முறை கயிற்றை முழுதாக இறுக்கிக் கட்டி, மேலே முதுகுத் துடுப்பைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும் என்பது உன் உத்தரவாம். அதைக் கேட்டதும் உன் மாப்பிள்ளை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணா, அந்தக் கயிறு தெரிந்தது என்னால்தான். உடையின் முதுகில் முப்பத்திரண்டு துளைகள். எல்லாவற்றிலும் கயிறு கோத்து இறுக்கினால் அவரால் மூச்சை முழுதாக இழுக்க முடிவதில்லை. அதனால் கழுத்துக்குக் கீழே இரண்டு துளைகளை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் திமிறியபோது அந்த இடத்தில் துடுப்பு விலகிக் கயிறு தெரிந்திருக்கிறது. அவர் மேல் இரக்கப்பட்டு நான் செய்த காரியம் அவரை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கப் பார்க்கிறது. என்னைத் திட்டுவதானால் திட்டு.

புதன்கிழமை நீ கேமராவுக்குப் பின்னால் நின்றாய். நான் தொட்டிக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றேன். என் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படி. உள்ளங்காலில் ஈயக்கட்டி, உடம்பெல்லாம் தண்ணீரை உறிஞ்சிய ரப்பர், மேலே வலை. உள்ளே இருப்பவர் தானாக வெளியே வர வழியே இல்லை. வாயைத் திறந்து கத்தினாலும் முகமூடி விடாது. அதனால்தான் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டோம். இரண்டு கையையும் தூக்கி மூன்று முறை தண்ணீரில் அடித்தால் உடனே தூக்கிவிட வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய காட்சியே மிருகம் வலைக்குள் கையைத் தூக்கித் தூக்கி அடித்துச் சாவதுதானே? அதை நம்மில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அவர் மூன்று முறை அடித்தார். மறுபடி மூன்று முறை அடித்தார். "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, பிரமாதம்!" என்று நீ கேமராக்காரரிடம் சொன்னது என் காதில் இன்னும் கேட்கிறது. அடிப்பது நின்று, அவர் கவிழ்ந்து மிதந்த பிறகுதான் வலையைத் தூக்கினோம்.

வேறு வழி இல்லையா என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்த மிருகம் செத்துத்தான் ஆக வேண்டுமா, அண்ணா? கதைப்படி கடலுக்கடியில் குண்டு வெடிக்கவைத்துப் பார்த்தவர்கள் மனிதர்கள். அதுபாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டு, ஏன் எழுந்தாய் என்று கொல்வது நியாயமா? கடலுக்குள் திரும்பிப் போய்விட்டது என்று காட்டினால் அடுத்த படத்துக்கும் உதவுமே. இல்லாவிட்டால் ஒரு பொம்மை செய்து தருகிறேன். முதல் படத்தில் இரண்டு பாத்திர மூடிகளை ஒட்டித் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு, பறக்கும் தட்டு என்று ஊரையே நம்பவைத்தவன் நீ. இரண்டாவது படத்தில் கண்ணாடி ஜாடிக்குள் துடித்த மூளை நான் பிசைந்த மாவு. ஜனங்கள் அதைப் பார்த்து மயங்கி விழுந்தார்கள். அப்படிப்பட்ட உனக்கு ஒரு பொம்மையைச் சாகடிக்கத் தெரியாதா?

உடை இப்போது எங்கள் குளியலறைக் கதவில் காய்கிறது. தபால்காரர் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே தபாலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். தெருவிலேயே அதற்குப் பயப்படாத ஒரே ஆள் குட்டிதான். காலையில் அதற்கு 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுப் பல் தேய்க்கிறாள்.

நான் சொன்னால் அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். பிலிம் பெட்டி ஏற்றிக்கொண்டு வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதில் அனுப்பு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை.


செவ்வாய், காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று காலையே டிரைவர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். உறையின் மேல் உன் மாப்பிள்ளை பெயர் இருந்தது. எழுதியது நான், பதில் அவருக்கு. படித்துவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டினார். "மாப்பிள்ளை, அன்னிக்கு நீங்க செஞ்சதைப் பார்த்து பிலிம் லேபரட்டரியில இருந்தவங்க அழுதுட்டாங்க. அதே மாதிரி இன்னொரு தடவை, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய். அடியில் எனக்கென்று இரண்டு வரி. மிருகம் சாகாவிட்டால் ஜனங்கள் நாற்காலியை உடைப்பார்கள், பொம்மை பொம்மையாகத்தான் தெரியும், இரண்டே நிமிட வேலை, பயப்படாதே, பசையை நன்றாகப் போடு.

அந்த முதல் வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படிக்கிறார். மூன்று படங்களில் நடித்தும் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. சுவரொட்டியில் பெயர் கிடையாது. முகமே தெரியாமல் நாலு பேரை அழவைத்துவிட்டேன் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், "மச்சான் என்னை நம்பித்தானே படமே எடுக்குறாரு? நான் மாட்டேன்னா வேற எவன் உள்ள இறங்குவான்?" என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். நேற்று கைக்குட்டையில் லேசாக ரத்தம் இருந்தது. தக்காளி ரசம் என்று என்னிடம் சொல்கிறார். வீட்டில் மூன்று நாளாகக் கஞ்சிதான்.

உடையை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். வெட்டினால் அந்தக் காய்ச்சலோடு உட்கார்ந்து அவரே ஒட்டுவார், எனக்குத் தெரியும். வேறு ஆளைப் போடு என்று உன்னைக் கேட்கவும் வாய் வரவில்லை. அவன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

முன் கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுத எழுத அந்த இடம் வந்ததும் பேனா தாண்டிப் போய்விட்டது. இப்போது எழுதுகிறேன். அவர் இரண்டாவது தடவை மூன்று முறை அடித்தபோது எல்லோரும் கை தட்டினார்களே, அப்போது நானும் தட்டினேன். கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டினேன். பத்து வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள், அடையாளம் இன்னதென்று தெரிந்தவள், அதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டவள். என்ன அழகாகச் சாகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. அவர் இதைக் கேட்கவே இல்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன்? உன்னைக் குற்றம் சொல்லி நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் நானும் இருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமை மட்டும் நமக்கு எப்படிக் கண் தெரிந்துவிடும்? அவர் நடிக்கிறாரா, சாகிறாரா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த முறை பசை வேறு. பிரிக்கவே இருபது நிமிடம் ஆகும்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நேற்று மதியம் அவர் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தார். நான் அந்த உடையைப் போட்டுப் பார்த்தேன். உயரத்தில் அவருக்கும் எனக்கும் இரண்டு விரல்தான் வித்தியாசம். தோளிலும் இடுப்பிலும் பஞ்சு வைத்தால் சரியாக இருக்கிறது. குட்டிதான் முக்காலியில் ஏறி நின்று முதுகில் கயிறு கட்டினாள். கட்டி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சிநேகிதியைக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று ஓடினாள். போனவள் விளையாட உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரம் நான் உள்ளே இருந்தேன். கண் இருக்கும் இடத்தில் ஒரு கீற்று. அதில் எங்கள் சமையலறைத் தரை ஒரு முழம் தெரிந்தது. அவ்வளவுதான் உலகம். குட்டியைக் கூப்பிட்டேன். என் குரல் என் காதுக்கே திரும்பி வந்தது. பின்னால் கையைக் கொண்டுபோனேன், விரல்கள் ரப்பருக்குள் இருப்பதால் கயிறு எங்கே என்றே பிடிபடவில்லை. தண்ணீர் இல்லை, வலை இல்லை, ஈயக்கட்டி இல்லை. என் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில், செத்துவிடுவேன் என்று நினைத்தேன். குட்டி வந்து அவிழ்த்ததும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மிருகம் அழுகிறது என்று அவள் சிநேகிதியிடம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கும் நீந்தத் தெரியும். நீ கற்றுக் கொடுத்ததுதான். மிருகத்தின் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று எந்த நாற்காலிக்காரனுக்கும் தெரியாது. வியாழன் காலையில் அவருக்கு டாக்டர் தந்த தூக்க மாத்திரையைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டு நான் வருகிறேன். உடையை நானே எடுத்துவருகிறேன். முப்பத்திரண்டு துளையையும் கட்டச் சொல், பசையைத் தாராளமாகப் போடச் சொல், காலில் ஈயத்தைக் கட்டச் சொல். வலையைப் போட்டு என்னை இறக்கு. நான் கையைத் தூக்கி அடிக்கிறேன். உனக்குப் போதும் என்று தோன்றும்வரை எடுத்துக்கொள்.

விளையாட்டுக்கு எழுதவில்லை. குட்டியின் மாற்றுப் பாவாடை இருக்கும் இடம், அவருடைய மருந்து வேளை, எல்லாம் எழுதிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கும்போதே "ஐயோ, அவளையா? முடியாது" என்று உனக்குப் பதறியிருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா? நீ கெட்டவன் இல்லை. அந்தப் பதற்றம் இத்தனை நாளாக அவருக்காக ஏன் வரவில்லை என்று நான் கேட்க மாட்டேன். வந்துவிட்டதல்லவா, அது போதும். அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார், அண்ணா.

உன் படம் நூறு நாள் ஓடட்டும். நீ நீண்ட காலம் நன்றாக இரு. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தொட்டி ஓரத்தில் நான் நிற்பேன். யாரை உள்ளே இறக்குவது என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கை.